பெலர்மினோவின் முறை

சீட் பின்னால் தள்ளியிருந்தது.

அதேரித்தோ ஆள் குள்ளம். ஸ்டியரிங் நெஞ்சில் முட்டுகிற அளவுக்கு சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டால்தான் அவன் கால் பிரேக்கை ஒழுங்காக எட்டும். அதை வைத்துக் கம்பெனியில் அவனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. சாப்பிட்ட தட்டையும் வாணலியையும் கழுவி, டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்ப ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். கால் அந்தரத்தில் தொங்கியது. ஒரு சாண் நிச்சயம் பின்னால் போயிருந்தது. கேபின் கதவைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தான். சாவி அவன் பையில்தான் இருந்தது.

காற்றில் ஏறி இறங்குகிற சீட், எங்கேயோ கசிகிறது போல என்று சொல்லிக்கொண்டான். காற்று கசிந்தால் சீட் கீழேதான் இறங்கும், பின்னால் நகராது. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அப்படியே சொல்லிக்கொண்டு, அடியிலிருந்த கம்பியைப் பிடித்து சீட்டை முன்னால் இழுத்தான்.

பிரான்ஸின் போர்தோ நகருக்குத் தெற்கே, லாந்து காட்டு நடுவில், லாரிகள் நிறுத்துகிற இடம் அது. சனிக்கிழமை மதியம். பைன் மரங்கள் சாலைக்கு இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல் நின்றுகொண்டிருந்தன. நவம்பர் வெயில் அவற்றுக்கு நடுவே வந்தும் வராமலும் இருந்தது. வரிசையாக நின்ற லாரிகளில் பாதிக்கு முன்கண்ணாடித் திரை இழுத்து மூடியிருந்தது. உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவனும் அப்படித்தான் திரையை மூடிப் படுத்திருக்க வேண்டும். ஆன்ட்வெர்ப்பில் சரக்கேற்றி, ஓர்லியான் பக்கம் ஒரு ராத்திரி படுத்து எழுந்து, விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பியவன். அன்றைக்கு ஓட்ட அனுமதி உள்ள நேரம் லாந்து வரும்போதே தீர்ந்துபோயிற்று. இனி ஓய்வெடுத்து எழுந்தால் சனிக்கிழமை ராத்திரி ஆகிவிடும். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும் பிரான்ஸ் நாட்டில் கனரக லாரி எதுவும் சாலையில் ஏறக் கூடாது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த மரங்களையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஞாயிறு காலையில் அவன் மகளுக்கு ஞானஸ்நானம்.

மகள் பிறந்து பத்து நாளாயிற்று. இன்னும் அவன் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் மனைவி சுல்மீராவின் வயிற்றில் மூன்று தங்காமல் போயின. மூன்று தடவையும் அவன் சாலையில்தான் இருந்தான். ஒரு தடவை லியோன், ஒரு தடவை ரோட்டர்டாம், ஒரு தடவை எங்கே என்பதே மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று ஒருநாள் அவளிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தான். அதற்கப்புறம் ஒரு மாதம் அவள் அவனிடம் பேசவில்லை. இந்தத் தடவை அவள் கத்தவில்லை, அழவில்லை. போனில் நிதானமாகச் சொன்னாள்.

"பாதிரியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் நம்ம ஊருக்கு வர்றாரு. புள்ளையைத் தூக்கிட்டு நான் மட்டும் போய் நிக்க மாட்டேன். நீ வந்தா வா. வரலைன்னா, அப்புறம் வரவே வேணாம்."

அதனால்தான் முதலாளி கிந்தேலாவுக்குப் போன் போட்டான்.

"டாஷ்போர்டுப் பெட்டியைத் திறடா. கையுறைக்கு அடியில பெலர்மினோவோட டிரைவர் அட்டை இருக்கும்," என்றார் கிந்தேலா. பின்னால் யாரோ சீட்டாடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது.

"அவரு செத்து எட்டு மாசம் ஆச்சு, முதலாளி."

"ஆள்தானே செத்தான், அட்டை சாகலையே. சேதி லிஸ்பனுக்குப் போய் அதைச் செல்லாமப் பண்றதுக்குள்ள உன் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுடும். அவனை ஓட்டுறவனாப் போடு, உன்னைக் கூட வர்றவனாப் போடு. கணக்குல நீ தூங்குறே, அவன் ஓட்டுறான். முடிஞ்சுது கதை."

"அது... ஒரு மாதிரி இருக்கு, முதலாளி."

"ஒரு மாதிரி இருந்தா அங்கேயே படுத்துக் கிட. என்னை ஏன் கேக்குறே?"

யார் எவ்வளவு நேரம் ஓட்டினான், ஓய்வெடுத்தான் என்று கணக்கு வைக்க முன்கண்ணாடிக்கு மேலே பதித்திருக்கிற டாக்கோ பெட்டிக்கு இரண்டு வாய். முதல் வாயில் ஓட்டுகிறவனின் அட்டை, இரண்டாவதில் கூட வருகிறவனின் அட்டை. அதேரித்தோ தன் அட்டையை எடுத்து இரண்டாவது வாயில் போட்டான். இதே வண்டியை முன்பு ஓட்டிய பெலர்மினோவின் அட்டையைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்தான். அதிலிருந்த படம் பாஸ்போர்ட் படம் மாதிரி எங்கேயும் பார்க்காமல் இருந்தது. பெரிய தாடை, தடித்த கழுத்து. முதல் வாய் அதை இழுத்துக்கொண்டது. பெட்டியின் சின்னத் திரையில் பெயர் வந்தது. அப்புறம் பெட்டி எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டது: அட்டையைக் கடைசியாக எடுத்த மார்ச் மாதத்திலிருந்து இன்று இதுவரை இந்த ஓட்டுநர் என்ன செய்துகொண்டிருந்தார்? வேலையா, ஓய்வா?

அவன் கட்டில் படம் போட்ட ஓய்வை அமுக்கினான். வேறு எதை அமுக்குவது? சரி என்றது பெட்டி. ஓய்வு முடிந்தது, வேலை தொடங்குகிறது என்றது. அதற்கப்புறம்தான் அவன் தட்டைக் கழுவ இறங்கினான்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பார்த்தால் கௌதென்சியோ. வேறொரு கம்பெனி லாரி ஓட்டுகிற ஊர்க்காரர். அவரோடு சேர்ந்துதான் காட் மீன் கருவாடும் உருளைக்கிழங்கும் வதக்கிச் சாப்பிட்டிருந்தான்.

"டேய் குள்ளா, மடக்குக் கத்தியை விட்டுட்டு வந்துட்டே." கத்தியை ஜன்னல் வழியாகக் கொடுத்தவர் டாக்கோ திரையைப் பார்த்துவிட்டார். சிரிப்பு போயிற்று. "அது யாரு பேரு?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டுக்குப் போகணும்ண்ணே."

"ஊருல எவன் அட்டையை வேணும்னாலும் போடுடா. நானே என் மச்சான் அட்டையைப் போட்டு ஓட்டியிருக்கேன். செத்தவன் அட்டையைப் போடலாமா? அதுவும் அவன் செத்த வண்டியில?"

"மெத்தையை மாத்திட்டாங்க."

"மெத்தை," என்றார் கௌதென்சியோ. கொஞ்ச நேரம் பைன் மரங்களைப் பார்த்தார். "இதே வரிசைலதான் நின்னான். எனக்குப் பக்கத்துலதான். திரை மூடியிருந்துச்சு. மூடின திரையை எவனாவது தட்டுவானா? தூங்குற மனுஷன், பாவம்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி அவன் லாரிப் பக்கத்துலயே உக்காந்து சூப்பு காய்ச்சிக் குடிச்சேன்டா. சத்தம் போட்டுச் சிரிச்சவனைக்கூட அதட்டினேன், மெதுவாப் பேசுங்கடா, உள்ள ஒருத்தன் ரெஸ்ட் எடுக்குறான்னு."

அதேரித்தோ கத்தியை மடக்கிப் பையில் போட்டான்.

"ஊருக்குப் போய்க்கிட்டிருந்தான்," என்றார் அவர். "பையெல்லாம் கட்டி வச்சிருந்தானாம். கழட்டுடா அதை."

கழற்றியிருக்கலாம். கழற்றியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், சுல்மீரா போய்விடுவாள், மகள் வேறு யாரையோ அப்பா என்று கூப்பிட்டு வளர்வாள். அவன் சாவியைத் திருகினான்.

காட்டுச் சாலை வெட்டிப் போட்ட துணி போல் நேராகப் போயிற்று. எவ்வளவு ஓட்டினாலும் அதே மரம், அதே வேலி, மான் படம் போட்ட அதே எச்சரிக்கைப் பலகை. சன்னல் ஓரத்தில் காற்று சன்னமாக ஊதியது. சக்கரங்கள் தார் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது கேபின் தட் தட் என்று தாளம் போட்டது. பைன் பிசின் வாசனை ஹீட்டர் வழியாக உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அது பைன் வாசனை மாதிரி இல்லை. யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை. நாக்கில் வைத்துச் சப்பி, பாதியில் காகிதத்தில் துப்பி, மறுபடியும் எடுத்து வாயில் போடுகிற ஆட்கள் இருக்கிற அறையில் அடிக்குமே, அந்த வாசனை. பெலர்மினோ அந்த மிட்டாய் இல்லாமல் வண்டி ஏற மாட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். மனப்பிராந்தி என்று அதேரித்தோ சன்னலைத் திறந்துவிட்டான். குளிர் உள்ளே வந்தது, வாசனை வெளியே போகவில்லை.

எல்லை தாண்டி இருன் ஊர் சரிவில் ஏறும்போது சுல்மீரா கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க இருக்கே?"

"ஸ்பெயின் வந்தாச்சு!" என்றான். தன் குரலிலேயே சந்தோஷம் கேட்டது. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். என்ன பண்றா?"

"உன்னை மாதிரிதான், தின்னுட்டுத் தூங்குறா. மூக்கும் உன் மூக்கு. பாவம், பொண்ணு." சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று அவள் சிரித்து! "தாத்தா காலத்து வெள்ளை கவுனை அலசிப் போட்டிருக்கேன். சரி, கூட யாரு?"

"யாரும் இல்லையே."

"விளையாடாதே. பின்னால ஒருத்தன் குறட்டை விடுறது இங்க வரைக்கும் கேக்குது."

அவன் ரேடியோவை அணைத்தான். இன்ஜின் சத்தம். சக்கரச் சத்தம். அதற்கு அடியில், அவன் தலைக்குப் பின்னால், படுக்கையின் நீலத் திரைக்கு அந்தப் பக்கம், சீரான மூச்சு. இழுக்கும்போது ஒரு சீட்டி, விடும்போது ஒரு புர்ர்.

"அய்யோ, அப்படியே உன் குறட்டை மாதிரியே இருக்குடா," என்றாள் சுல்மீரா. "அதே விசில். ரெண்டு பேரும் ஒரே வண்டில தூங்கினா கண்ணாடி உடைஞ்சுடும். யாரு அது, புது ஆளா?"

சின்ன வயதில் கால்பந்தாட்டத்தில் அவன் மூக்கு உடைந்தது. அந்தச் சீட்டி அவனுடையது. அதைப் பத்து வருடமாகத் தலையணையால் அடித்து அடக்கியவள் சொல்கிறாள்.

"ஆமா, புது ஆளு," என்றான். வேறு என்ன சொல்வது?

முதலில் கிடைத்த ஒதுங்குமிடத்தில் வண்டியை ஓரங்கட்டினான். பிரேக் பெருமூச்சு விட்டு அடங்கியது. திரையைச் சட்டென்று விலக்கினான். படுக்கையில் யாரும் இல்லை. போர்வை மடித்து வைத்தபடி இருந்தது. தலையணையில் ஒரு குழி இருந்தது. குழியைத் தொட்டான். சூடாக இருந்தது.

மலைகளைத் தாண்டி மேட்டுநிலத்துக்கு ஏறியபோது மூடுபனி பிடித்துக்கொண்டது. இன்னும் பொழுது சாயவில்லை. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத பால் நிற வெளிச்சம். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு தெரியும், அணையும், மறுபடி தெரியும். அவன் முதுகு வலிக்கவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. விடிவதற்கு முன்னாலிருந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்க வேண்டும், கண்ணில் மணல் அள்ளிப் போட்டது மாதிரி எரிய வேண்டும். எதுவும் இல்லை. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தவன் மாதிரி உடம்பு தெளிவாக இருந்தது. ஓட்டிக்கொண்டே இருக்கலாம் போல் இருந்தது.

இடது கை தானாக ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தது. டக், டக், டக். மோதிரம் பட்டால் வருகிற சத்தம். அவன் மோதிரம் போடுகிற வழக்கமில்லை. கல்யாண மோதிரத்தைக்கூட டாஷ்போர்டில் சங்கிலியோடு தொங்கவிட்டிருந்தான். கையைப் பார்த்தான். விரலில் மோதிரம் இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அப்புறம் காலைப் பார்த்தான்.

சீட் மறுபடியும் பின்னால் போயிருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. இந்தத் தடவை அவன் கால் எட்டியது.

அட்டையைப் பிடுங்க வேண்டும். வண்டி ஓடும்போது டாக்கோ வாய் திறக்காது, நிறுத்தித்தான் ஆக வேண்டும். புர்கோஸ் தாண்டி லாரிக்காரர்கள் நிறுத்துகிற ஒரு காபிக் கடையின் விளக்கு பனிக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. திருப்பினான். நிறுத்தினான். முதல் வாயின் பொத்தானை அமுக்கினான். வாய் திறக்கவில்லை. இன்னொருமுறை அமுக்கினான். கத்தி முனையை விட்டு நெம்பினான். சின்னத் திரையில் இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. பெலர்மினோவின் பெயருக்குப் பக்கத்தில் ஸ்டியரிங் படம். அதேரித்தோவின் பெயருக்குப் பக்கத்தில் கட்டில் படம்.

குதித்து இறங்கி ஓடினான். கடைக்குள் உப்பிட்ட பன்றித் தொடைகள் கூரையிலிருந்து தொங்கின, காபி இயந்திரம் சீறியது, தொலைக்காட்சியில் கால்பந்து ஓடியது. மனுஷர்கள் இருந்தார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லாவில் இருந்த குண்டுப் பெண்மணி விசித்தா, கோப்பைகளைத் துடைத்தபடி நிமிராமலே சொன்னாள்.

"வாய்யா பெலர்மினோ. எத்தனை நாளாச்சு! வழக்கமானதுதானே?"

"நான் பெலர்மினோ இல்லை."

சொன்ன குரல் கரகரவென்று வந்தது. அடிக்கழுத்திலிருந்து வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, திடுக்கிடாமல், வெறுமனே சிரித்தாள். அதுதான் அவனைக் கொன்றது.

"ஆமா, நீ போப்பாண்டவரு. இந்தா குடி." காபியில் சோம்புச் சாராயம் ஊற்றி முன்னால் தள்ளினாள். அதேரித்தோவுக்குச் சோம்பு வாசனையே ஆகாது. "உன் கூட்டாளி சாப்பிட வரலையா? அந்தக் குள்ளப் பையன்?"

அவன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். பனிக்குள் அவன் லாரி நின்றது. கேபினில் அவன் போன் வெளிச்சம் மினுக்கி மினுக்கி அடித்தது. சுல்மீராதான். எடுக்க வேண்டும், என்னை வந்து கூட்டிப் போ என்று கத்த வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் வெளிச்சம் டாஷ்போர்டிலிருந்து மேலே எழுந்தது. ஒரு காது உயரத்துக்குப் போய் நின்றது.

ஓடினான். கதவைத் திறந்தான். கேபினில் யாரும் இல்லை. போன் சீட்டின் மேல் கிடந்தது, அழைப்பு இன்னும் அறுபடவில்லை.

"சரி, சரி, போதும் கொஞ்சினது," என்று சுல்மீரா சிரித்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு ஆசையா நீ பேசி நான் கேட்டதே இல்லை. லாரி நிறுத்துற இடத்துக்கு நானே புள்ளையைத் தூக்கிட்டு வர்றேன். பார்த்து ஓட்டு."

"சுல்மீரா! கேளு! அது நான் இல்லை, வராதே, நான்..."

போன் அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

லாரியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அதை அவன் நினைக்காமல் இல்லை. கடைக்குள் போய் உட்கார்ந்தால் யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரி நிறுத்தத்துக்கு வந்து நிற்பாள். இவன் போகாவிட்டால் இந்த வண்டி போகாமல் இருக்குமா? அந்த நிச்சயம் அவனுக்கு இல்லை. நானே ஓட்டிப் போனால் நானே போய்ச் சேர்ந்ததாக ஆகும். அப்படி நினைத்துத்தான் பெற்ற தகப்பன் அந்த சீட்டில் மறுபடி ஏறி உட்கார்ந்தான்.

பொழுது சாய்ந்தது. வல்லதோலித் விளக்குகள் பனிக்குள் கரைந்து போயின. கண்ணை மூடக் கூடாது என்று உதட்டைக் கடித்தான். வலித்தது. கொஞ்சம் கழித்துக் கடித்தான், அவ்வளவாக வலிக்கவில்லை. சத்தம் போட்டு மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். ஒடீலியா. ஒடீலியா. ஒடீலியா. சொல்வது அந்தக் கரகரத்த குரல். குறட்டை முதுகுக்குப் பின்னால் கேட்டது. இழுக்கும்போது சீட்டி. விடும்போது புர்ர்.

பிறகு குறட்டை பின்னால் கேட்கவில்லை. பக்கத்தில் கேட்டது.

பிறகு தன் மூக்கிலேயே கேட்டது.

கூரை தெரிந்தது. கேபினின் கூரை, மிக அருகில். கன்னத்தின் கீழ் தலையணை. அதன் குழி அவன் தலைக்குச் சரியாகப் பொருந்தியிருந்தது. எழ வேண்டும். கை வரவில்லை. கால் வரவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நெஞ்சு தன் பாட்டுக்கு ஏறி இறங்கியது, தூங்குகிறவன் நெஞ்சு போல. கத்தினான். வெளியே வந்தது சீட்டி.

திரையில் நாலு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு முதுகு தெரிந்தது. அகலமான முதுகு. தடித்த கழுத்து. தலை சீட்டின் மேல்விளிம்பைத் தாண்டி நின்றது. அது திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாக ஓட்டியது. வளைவுகளில் அலுங்காமல் இறக்கியது, பின்னால் படுத்திருக்கிறவன் உருண்டுவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து ஓட்டுகிற நல்ல கூட்டாளி மாதிரி. மிட்டாய் பல்லில் கடிபட்டது. டக், டக், டக்.

சலமான்கா போயிற்று. போர்ச்சுகல் எல்லை போயிற்று. விலார் ஃபொர்மோசுவின் விளக்குகள் கூரையில் ஊர்ந்து போயின. அப்புறம் அவனுக்குத் தெரிந்த வளைவுகள். தெரிந்த மேடு. தெரிந்த நாய் குரைத்தது. பெத்ராவெல். அவன் ஊர்.

வண்டி நின்றது. இன்ஜின் அடங்கியது.

வராதே, என்று அதேரித்தோ சொன்னான். புர்ர்.

செருப்புச் சத்தம் சரளைக்கல்லில் ஓடி வந்தது. கதவு திறந்தது. குளிர்காற்றும் பால் வாசனையும் உள்ளே வந்தன. சுல்மீரா படியில் ஏறி நின்றாள். கைவிளக்கு இல்லை, சாலைவிளக்கின் வெளிச்சம்தான். கையில் கம்பளிச் சுருள்.

"வந்துட்டே," என்றாள். ஸ்டியரிங் முன்னால் இருந்த முகத்தைப் புருஷன் முகமாகவே பார்த்தாள். "இந்தத் தடவை வந்துட்டே! இந்தா. பாரு. உன் பொண்ணு."

பெரிய கைகள் நீண்டன. சுருளை வாங்கிக்கொண்டன.

"அய்யோ, கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"சன்னல் திறந்திருந்துச்சு," என்றது குரல்.

குழந்தை சிணுங்கியது. குரல் எதையோ முனகியது. சிணுங்கல் நின்றது. சுல்மீரா அழுதுகொண்டே அந்த அகலத் தோளில் முகத்தைப் புதைத்தாள், பத்து வருடக் கோபத்தையும் அங்கேயே இறக்கி வைக்கிற மாதிரி. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தப் புது ஆளா உள்ள?"

"ம். அசந்து தூங்குறான். எழுப்பாதே."

அவள் எட்டிப் பார்த்தாள். இடைவெளியில் அவள் முகம் வந்தது. நனைந்த கண், நெற்றியில் ஒட்டிய முடி. அவன் கண்ணுக்கு நேராகப் பார்த்தாள். அவன் தன்னிடம் மிச்சமிருந்த எல்லாவற்றையும் கண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். நான். நான்தான். சுல்மீரா.

"யாரு பெத்த புள்ளையோ," என்று அவள் கிசுகிசுத்தாள். "கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது, பாவம்."

போர்வையை இழுத்து அவன் கழுத்துவரை போர்த்திவிட்டாள். விரல் அவன் கன்னத்தில் பட்டது. சூடாக இருந்தது. பிறகு வெளிச்சம் அவன் முகத்தில் படாமல் திரையை மெதுவாக, சத்தமில்லாமல் இழுத்தாள். இடைவெளி மூன்று விரலாயிற்று. ஒரு விரலாயிற்று. அந்த ஒரு விரல் இடைவெளியில் அவன் தன் மகளைப் பார்த்தான். சின்ன மூக்கு, அவன் மூக்கு. தன் முன்னால் நீண்ட தடித்த, சாம்பல் நிற விரலைக் கை முழுவதாலும் பற்றி இழுத்து, வாயில் வைத்து அவள் சப்பிக்கொண்டிருந்தாள்.